துயில் தரும் இசை

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், மார்க்கெட் தெருப் பக்கம் மாலையில் நடப்போர்க்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கடைக்குக் கடை ஒலிபெருக்கி. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த கடையின் பாட்டு வந்து அதனைத் தள்ளிவிடும். அத்தெருவை அடுத்த பழைய மாடி வீடுகளில், நள்ளிரவிலும் கண்மூடாது கிடப்போர் உளர். அவர்க்குப் பஞ்சம் உறக்கத்திற்கே.

இசையால் உறக்கம் வருமா என்னும் வினா தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்றின் 102ஆம் பாட்டில், தினைப்புனம் காக்க வேண்டிய கானவன் கள்ளுண்டு பரணில் கிடக்கிறான். கொடிச்சி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். கதிர் தின்ன வந்த களிறு, தின்பதையும் மறந்து, நின்ற இடம் பெயர்வதையும் மறந்து உறங்கிவிடுகிறது. காவலன் செய்யாத வேலையைப் பண் செய்தது! மன்னன் துயிலுதலைக் குறித்துப் பாடுவதற்கென்றே 'கண்படை நிலை' என்றொரு துறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்திருக்கிறது.

ஆயினும் எல்லாப் பாட்டும் உறக்கம் தருவதில்லை. இந்நகரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். மனைவியை இழந்தபின் உறக்கத்தையும் இழந்தவர். கைப்பேசியில் பழைய திரைப்பாடல்களை ஒலிக்கவிட்டுப் படுப்பார். எதுகை நன்றாக அமைந்துவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தொழிற்பழக்கம் கட்டிலிலும் விடுவதில்லை. அதே பாடல்களைச் சொல்லின்றி வாத்தியத்தில் கேட்டுப் பார்த்தார். அடுக்களையில் மனைவி முணுமுணுத்த சொற்கள் தாமே வந்து மெட்டில் ஒட்டிக்கொண்டன. அமெரிக்கப் பேய்லர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வும் இதனையொட்டியதே: தெரிந்த பாடல்களைச் சொல் நீக்கி இசைத்தபோது அவை உள்ளத்தில் மேலும் மிகுதியாகச் சுழன்று உறக்கத்தைக் கெடுத்தன.

பின்னர் அவர் நாடியது நீலாம்பரி. சங்கராபரணத்தின் வழிப் பிறந்த இவ்விராகம் தாலாட்டுக்கு உரியதெனப் பேர்பெற்றது. நாகசுரத்தில் அதன் ஆலாபனையைச் செவிக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்துக் கேட்கலானார். பற்றிக்கொள்ள வரியில்லை, எண்ணிக்கொள்ளத் தாளமில்லை. முதலிரவே பயன் கிட்டிவிடவில்லை. ஹங்கேரியில் 94 மாணவரிடம் நடத்தி 2008இல் வெளிவந்த ஆய்வில், படுக்கும்போது நாள்தோறும் 45 நிமிடம் செவ்வியல் இசை கேட்டோர்க்கு மூன்று வாரத்தில் உறக்கம் சீர்ப்பட்டது. ஒலிநூல் கேட்டோர்க்குக் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆசிரியர் இன்றும் விடியுமுன் விழித்துக்கொள்கிறார். ஆனால் நள்ளிரவுக்குமுன் கண்ணயர்ந்துவிடுகிறார்.

இவ்வளவையும் ஆய்வின்றியே அறிந்திருந்தவள் தாய். 'தால்' என்பது நா. நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. செபராங் பிறை ரப்பர்த் தோட்டங்களில், இருள் விலகுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பெண், இரவில் சேலைத் தூளியை ஆட்டிக்கொண்டே பாடினாள். ஒரே மெட்டு, ஒரே அசைவு. பிள்ளைக்குச் சொல் விளங்காதன்றோ? ஆதலால் யாரிடமும் சொல்லாதவற்றை அதில் வைத்துப் பாடினாள்: கடலுக்கப்பால் விட்டுவந்த அண்ணன், கங்காணியின் சுடுசொல், வாராத கடிதம். அப்பாட்டில் பிள்ளையோடு அவளும் சற்றே ஆறினாள்.

இன்று மின்விசையால் ஆடும் தொட்டில் கடைகளில் கிடைக்கிறது. ஓய்ந்த கைகளுக்கு அது பெருந்துணை, குறை சொல்லலாகாது. கை ஓய்ந்ததோடு நாவும் ஓய்ந்துவிட்டதே! பிள்ளைத்தமிழின் தாலப் பருவத்தை வகுப்பில் பயிலும் மாணவர், தம் பாட்டியின் தாலாட்டைக் கேட்டதுண்டா? அப்பாட்டிமார் சிலர் அடுக்குமாடி வீடுகளில் இன்னும் உளர். பாடச் சொன்னால் முதலில் நாணுவர். பிறகு இரண்டடி பாடுவர். மூன்றாம் அடியில் குரல் தழுதழுக்க நிறுத்திவிடுவர்.