பிறந்த தேதி இல்லாதவர்கள்

திருத்தங்கலை அடுத்த ஒரு பட்டாசு ஆலையின் தொழிலாளர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றி முடித்த பின், பிறந்த தேதி விடுபட்டவர்கள் யாவர் என்றறியும் பொருட்டு, அந்தப் பத்தி 'நல்'லுக்குச் சமமான வரிகளைத் தருமாறு தரவுத்தளத்தை வினவினேன். ஒருவருமில்லை என்று அது விடையளிக்கவே, பரம திருப்தியோடு டீ குடிக்கப் போய்விட்டேன்.

பேதைமைதான். 'நல்' என்பது பூஜ்யமுமன்று, வெற்றுச் சொல்லுமன்று. அறியப்படாதது என்பதே அதன் தாத்பரியமாதலால், அறியாத ஒன்று இன்னோர் அறியாததற்குச் சமமா என்னும் கேள்விக்கு ஆமென்றும் அல்லவென்றும் சொல்லாமல் தரவுத்தள வினவுமொழியான எஸ்கியூஎல் நழுவிக்கொள்கிறது. சமக்குறியை விடுத்து 'இஸ் நல்' என்று கேட்ட மாத்திரத்தில் ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் வந்து நின்றன.

அதற்கும் அகப்படாமல், 1-1-1900 என்று எவரோ இட்டு நிரப்பிய சிலர், நூற்றிருபது பிராயம் கடந்தும் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள்! 14 வயது நிரம்பாதவரை ஆலையில் அமர்த்தலாகாதென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்த நிலையில், எங்கள் பக்கத்தில் பிறந்த தேதிக் கட்டம் காலியாயிருப்பது சாமானிய விஷயமன்று.

பட்டியலோடு ஒவ்வொருவரையும் நேரில் விசாரித்தேன். "பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் பொறந்தேன் தம்பி, வருஷம் எங்கம்மாவுக்குத்தான் தெரியும்" என்றார் ஓர் அக்கா. அவருடைய கட்டத்தை இன்னும் 'நல்' என்றே விட்டுவைத்திருக்கிறேன்.