நடைவண்டி

மழலையர்க்கெனத் தமிழ்நாட்டுத் தச்சர் செய்தளித்த பொருள்களுள் தொட்டிலும் நடைவண்டியும் தலையாயவை. தொட்டில் குழந்தையைத் தாங்குவது. நடைவண்டியோ பற்றிக்கொள்ள ஒரு பிடி மட்டுமே தருவது. மூன்று சக்கரங்களும், சிறுகைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மரச்சட்டமும் உடையது அது. ஏறி அமர அதில் இடமில்லை.

எங்கள் இல்லத்து நடைவண்டி என் தமக்கைக்கென உள்ளூர்த் தச்சர் ஒருவர் செய்தது. அதனைப் பற்றியே யானும் நடை பயின்றேன். தமக்கையின் மகளுக்குப் பத்துத் திங்கள் நிறைந்தபோது, உறவினர் ஒருவர் நெகிழியாலான சக்கர இருக்கையொன்றைப் பரிசாகக் கொணர்ந்தார். அதனுள் அமர்ந்து கால்விரலால் உந்தியவளவில் குழந்தை கூடம் முழுதும் விரைந்தாள். கண்டோர் மகிழ்ந்தனர். என் பாட்டியார் மட்டும், “வண்டியல்லவா நடக்கிறது, பிள்ளை நடக்கவில்லையே!” என்றார்.

பாட்டியார் கூற்று மருத்துவர் கருத்தோடு ஒத்ததேயாம். இவ்விருக்கை நடையை விரைவுபடுத்துவதில்லை என்றும், படிகளில் உருண்டு வீழ்தற்கும் சுடுபொருள்களை எட்டுதற்கும் ஏதுவாகும் என்றும் அவர்கள் எச்சரிக்கின்றனர். கனடா நாடு 2004-ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடைசெய்தது.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தனர். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகிறது. உலர்த்திய உணவைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறித்ததாம்! அந்நூலாசிரியராகிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில் உழவர் இல்லத்துத் தேரையும் பாடுகிறார். அஃது ஏறிச் செல்லாது உருட்டி மகிழும் தேர். தச்சர்தம் சிறாரும் விரும்புமாறு புனையப்பெற்றது. அதனை உருட்டித் தளர்ந்த புதல்வரைச் செவிலியர் தழுவிப் பாலூட்ட, அவர் படுக்கையில் துயில்கின்றனர்.

இக்காட்சியில் குழந்தை வளர்ப்பின் முறை முழுதும் அடங்கியுள்ளதாக யான் கருதுகிறேன். உழைப்பு குழந்தையினுடையது, தளர்ச்சியும் அதனுடையதே, தளர்ந்தபோது தழுவும் கை மட்டும் பெரியோருடையது. சக்கர இருக்கையோ உழைப்பையும் கவர்கிறது. ‘குழந்தை தானே விளையாடுகிறது’ என்று நம்மையும் அப்பாற் செல்லவிடுகிறது. நடைவண்டியைக் கொடுத்தவர் அவ்வாறு அகல இயலாது; பிள்ளை வீழுமோ எனப் பின்னே குனிந்து நடந்தே தீர வேண்டும்.

பிறர் மக்கள் உருட்டும் தேரைத் தச்சர்தம் சிறார் விரும்பினர் என்னும் குறிப்பும் நெஞ்சைத் தொடுவது. நம் பிள்ளைகளுக்கு நடை தந்த கைகளை நாம் மறத்தல் தகாது. உள்ளூர்த் தச்சரிடம் ஒரு நடைவண்டி செய்விப்போர், தம் குழந்தைக்கும் அவர்தம் குழந்தைக்கும் ஒருங்கே நலஞ்செய்தவராவர்.