யானைக்கு எந்தத் துப்பாக்கி?

போன வாரம் பேரனைத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பாடம் செய்து வைத்திருக்கும் விலங்குகளைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, "தாத்தா, யானையைச் சுடணும்னா எவ்வளவு பெரிய துப்பாக்கி வேணும்?" என்று கேட்டான். செல்போன் விளையாட்டில் துப்பாக்கிப் பெயரெல்லாம் அவனுக்கு மனப்பாடம். வல்லத்திராக்கோட்டை பஸ் வரும்வரை அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி அளவில் இரண்டு கணக்கு உண்டு. 12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கி, அதில் ஒன்று நுழையும் குழல். ஆகவே எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். ரைஃபிளுக்கு அங்குலக் கணக்கு. .405 என்றால் ஒரு அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் 405 பங்கு. பிரெஞ்சுக்காரர்கள் ரைஃபிளை மில்லிமீட்டரில் சொல்வார்கள். நான் அம்மாவின் பிறந்த வீட்டில் தங்கி, காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆனால் 'காலிபர்' என்ற சொல்லை எனக்குக் கற்றுத் தந்தவர் வாத்தியார் அல்ல. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த என் தாய்மாமன்.

கருமருந்துக் காலத்தில் குண்டு பெரிதாக இருந்தால்தான் யானை விழும். இலங்கையில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வைத்திருந்த 4 போர் ரைஃபிளின் குண்டு கால் பவுண்டு, துப்பாக்கி 21 பவுண்டு. தோளைப் பெயர்த்துவிடும். கார்டைட் மருந்து வந்தபின் வேகம் கூடியது, குழல் சிறுத்தது. 1912-ல் வந்த .375 மேக்னம்தான் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் யானைக்குக் குறைந்தபட்ச அளவு என்று பிறகு சட்டமானது. ஆனால் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவற்றை வெறும் 7 மில்லிமீட்டரில் வீழ்த்தினார். யானை மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்த மனிதர் அவர். யானையின் நெற்றி எலும்பு தேன்கூடு மாதிரி. மூளையோ வெகு பின்னால் இருக்கிறது. அதனால் யானைக்குக் கெட்டி உறை போட்ட, மழுங்காத குண்டு வேண்டும். புலிக்கு அது ஆகாது, ஊடுருவிப் போய்விடும். பட்டதும் விரியும் ஈய மூக்குக் குண்டுதான் அதற்கு.

நம் பக்கத்தில் ஓசூர், பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கடைசிவரை தன் .405 வின்செஸ்டரை விடவில்லை. ஜிம் கார்பெட்டிடம் .275 ரிக்பியும் இருந்தது, .450/400 இரட்டைக் குழலும் இருந்தது. இரட்டைக் குழலின் பெருமை, இரண்டாவது வெடிக்கு எதையும் இழுத்துத் தள்ள வேண்டியதில்லை என்பதுதான். பாயும் மிருகம் அந்த அரை நொடியைத் தராது.

கார்பெட் 1907-ல் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பது கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட துப்பாக்கிக் காயம்தான் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். சுட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

இதுவரைதான் பேரனிடம் சொன்னேன்.

1964 கோடை விடுமுறை. மாமா எங்கள் ஊருக்கு வந்திருந்தார். எங்கள் கடலைக் கொல்லையில் ராத்திரிக்கு ராத்திரி காட்டுப்பன்றி. மாமா தன் 12 போரோடு பரணில் உட்கார்ந்தார். அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். சாயங்காலம் கவுதாரிக்குப் போட்ட சிறு ரவைத் தோட்டாதான் குழலில் இருந்தது. பன்றிக்கான எல்.ஜி. தோட்டா வீட்டில் பையிலேயே கிடந்தது. நிலா வெளிச்சத்தில் பெரிய ஆண்பன்றி ஒன்று வந்தது. மாமா துப்பாக்கியை இறக்கி, "வேணாம் மாப்ளே, இது கவுதாரி ரவை" என்று காதோடு சொன்னார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சுடுங்க மாமா, சுடுங்க மாமா."

சுட்டார். அலறிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் ஓடிவிட்டது. விடிந்ததும் ரத்தத் தடம் பார்த்துப் போனோம். ஓடைக்கு அப்பால் தடம் இல்லை. மறுநாள் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்காவைத் தொடையில் கிழித்துவிட்டது. மாமாதான் மாட்டுவண்டியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தார், கால் சரியாகவில்லை. மாமா காரைக்கால் திரும்பியதும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். "இவன்தான் சுடச் சொன்னான்" என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை.

பின்னாளில் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமக் கோப்புகள் சில வருஷம் என் மேஜைக்கு வந்தன. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கேட்பவர்களிடம், என் வேலை இல்லை என்றாலும், என்ன தோட்டா போடுவீர்கள் என்று கேட்பேன். கிளார்க்குக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று முறைத்தவர்களும் உண்டு. இன்று யானையைச் சுடும் பேச்சே இல்லை; 1972 சட்டம் இருக்கிறது. 2023-ல் தேனிப் பக்கம் வந்த அரிக்கொம்பனுக்கு மயக்க ஊசிதான் போட்டார்கள். அதிலும் எடைக்கேற்ற மருந்து அளவு தப்பக்கூடாது.

அந்த அக்கா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் காலை இழுத்துக்கொண்டு வந்து, "மாமா சௌக்கியமா தம்பி?" என்று கேட்பார். "சௌக்கியம்கா" என்பேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடிந்ததில்லை.