மாவாடே: பாகாலாக் குன்றுகளில் மூன்று நாள்

இயற்கை ஒளிப்படப் பயணம் என்று இன்று வழங்கப்படுவது, முன்பின் அறிமுகமில்லாத சிலர் ஒரு வழிகாட்டியுடன் சேர்ந்து, பொதுச் செலவில் வண்டி அமர்த்திக்கொண்டு, குறிப்பிட்ட ஒரு பறவையையோ விலங்கையோ தேடிக் காடுமேடுகளில் சில நாள்கள் தங்கித் திரும்பும் பயணமாகும். இவ்வாறு சென்றுவருவோருள் பலர் நெருங்கிய நண்பர்களாகிவிடுவது பலரும் அறிந்ததே. ஆனால் அந்நட்பை ஒளிப்படக்கலை விளைவிக்கிறது என்ற கருத்தை அப்படியே ஏற்க இயலவில்லை. கேமரா தனிமையை வேண்டும் கருவி. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சிறு துளையில் பதித்தவருக்கு அருகில் நிற்பவர் இல்லாதவராகிவிடுகிறார். வெளிச்சத்தை மறைத்தாலோ சருகை மிதித்தாலோ அவரே பகைவரும் ஆகிவிடுகிறார். ஆகவே நட்பு எவ்விடத்தில் முளைக்கிறது என்று அறிய விரும்புவோர், கேமராக்கள் பைக்குள் கிடந்த நேரங்களையே பார்க்க வேண்டும். பாகாலாவைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஒரு ஜூன் மாதக் கடைசியில் மூன்று நாள் திரிந்த எழுவர் குழு இதற்கு ஒரு சான்று. இக்கட்டுரையாளரும் அவ்வெழுவருள் ஒருவர்.

தமிழ்நாட்டினர் பெரும்பாலோருக்குப் பாகாலா என்பது, காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் ரயில் சற்றுநேரம் நிற்கும் நிலையம் மட்டுமே. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர் வழியாகத் தர்மாவரம் வரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர்கேஜ் பாதை போடப்பட்டபோது சந்திப்பாக, அதாவது இருப்புப்பாதைகள் கூடிப் பிரியும் இடமாக வளர்ந்த ஊர் இது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் புதிதாக அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. கட்டுரையாளரும் பலமுறை இந்நிலையத்தைத் தூக்கக் கலக்கத்தில் கடந்தவர்; இறங்கிப் பார்க்க இங்கு ஏதும் இருக்கும் என்று அவர் ஒருபோதும் எண்ணியதில்லை. இந்த அலட்சியத்தோடு வேறொரு மனத்தாங்கலும் கலந்திருந்தது. வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்லும் தொல்காப்பியப் பாயிரத்தைப் பள்ளியிலேயே படித்து, 1960இல் நடைமுறைக்கு வந்த எல்லைச் சீரமைப்பில் திருத்தணி இந்தப் பக்கமும் சித்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கமும் நின்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த மண் கைவிட்டுப்போன சொத்துப் போலவே தோன்றும். சொந்த மண் என்று வாதிடுகிற அவர்களில் எத்தனை பேர் அங்குள்ள குன்றுகளில் ஏறிப் பார்த்திருக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

குழுவினர் தேடிச் சென்றது மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் பறவையை. சின்னான் என்பது வீட்டுத் தோட்டங்களில் காணும் கொண்டைக்குருவி இனத்தின் பெயர்; தெலுங்கில் இதனைப் பிகிலிபிட்ட என்பர். அவ்வினத்தில் தலையும் தொண்டையும் மஞ்சளாக, உடல் சாம்பல் நிறமாக அமைந்த இந்த வகை, தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளிலும் அவற்றைச் சூழ்ந்த முட்புதர்க் காடுகளிலும் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. குன்றுகள் கல்லுக்காகவும் சரளைக்காகவும் வெட்டப்படுவதால் இதன் இருப்பிடம் சுருங்கிவருகிறது. அழியக்கூடிய நிலையில் உள்ள இனமாக இது பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பெரிய உருண்டைப் பாறைகளுக்கு நடுவே நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, கேமராவைத் திருப்புவதற்குள் மறைந்துவிடும் கூச்சம் மிக்க பறவை இது.

முதல் நாள் மாலைப் பேச்சு முழுவதும் லென்ஸ்களைப் பற்றியதாகவே இருந்தது. யாரிடம் எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளது, யார் எங்கே புலியை எடுத்தார், வேடந்தாங்கலில் யாருடைய படம் பரிசு பெற்றது என்பன போன்ற செய்திகள் வரிசையாக வந்தன. குடியாத்தத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் மட்டும் அதிகம் பேசவில்லை. அவரிடம் இருந்தது பழைய கேமராவும் தேய்ந்த பைனாகுலரும்தான். சென்னையிலிருந்து வந்த பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் குழுவில் மிக இளையவர், மிக விலையுயர்ந்த கருவியை வைத்திருந்தவரும் அவரே. அவர் ஆசிரியையை ‘மேடம்’ என்றும், ஆசிரியை அவரை ‘நீங்கள்’ என்றும் அழைத்துக்கொண்டனர். தமிழில் இருவருக்கு இடையேயுள்ள தொலைவை இத்தகைய விளிச்சொற்களே துல்லியமாகக் காட்டுகின்றன என்பதால் இதனை இங்கே குறிக்க வேண்டியுள்ளது.

இரண்டாம் நாள் விடியற்காலையில் சச்சரவு மூண்டது. ஒரு மணிநேரம் காத்தும் பறவை வராததால், மாணவர் தம் செல்பேசியில் வைத்திருந்த அதன் குரல் பதிவைச் சிறிய ஒலிபெருக்கி வழியே ஒலிக்கவிட்டார். பறவையின் குரலை அதற்கே திரும்பக் கேட்கச் செய்து அதனை வெளியே வரவழைக்கும் இம்முறை ஒளிப்படக்காரர்களிடையே மிகப் பரவலானது. இரண்டு நிமிடங்களில் சின்னான் வந்துவிட்டது. பாறை முனையில் நின்று, சிறகை விறைத்து, அங்குமிங்கும் திரும்பித் திரும்பிக் கத்தியது. ஆறு கேமராக்கள் ஒரே நேரத்தில் படபடத்தன. ஆசிரியை தம் கேமராவின் மூடியைப் போட்டுவிட்டு, “அதை நிறுத்துங்க” என்றார்.

“அஞ்சு நிமிஷம்தானே மேடம், பறவைக்கு என்ன ஆயிடப் போகுது?”

“அது அஞ்சு நிமிஷம் இங்க நின்னு கத்தினா, முட்டை அஞ்சு நிமிஷம் வெயில்ல கிடக்கும். கூடு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறார்கள் என்றார் மாணவர். எல்லாரும் செய்வதால் ஒன்று சரியாகிவிடாது என்று நாற்பது பேர் உள்ள வகுப்பில் சொல்லும் குரலில் ஆசிரியை சொன்னார். மற்றவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். இவ்வளவு தொலைவு பணம் கட்டி வந்தது எதற்கு என்று ஒருவர் கேட்டார். கட்டுரையாளர் வாய் திறக்கவில்லை. ஆசிரியை சொல்வது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் படம் அவருக்கும் வேண்டியிருந்தது, அவருடைய விரலும் பொத்தானின் மீதே இருந்தது. ஆசிரியை கூறியதில் மிகையேதும் இல்லை. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நம்பியே சின்னான் வெளியே வருகிறது. இல்லாத பகையோடு போரிட்டு, இரை தேடவும் அடைகாக்கவும் வேண்டிய நேரத்தையும் வலுவையும் வீணாக்குகிறது. ஜூன் மாதம் அதன் இனப்பெருக்க காலம். மாணவர் ஒலிபெருக்கியை அணைத்தார். ஆனால் அதன்பின் குன்றிலிருந்து இறங்கும் வரை அவரும் ஆசிரியையும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

அடிவாரத்து மாந்தோப்பின் ஓரத்தில் ஆடுகளுடன் நின்ற ஒரு முதியவர் அவர்களை வழிமறித்தார். தமிழில் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டவர், “மீரு அரவமா?” என்றார். அரவம் என்பது தெலுங்கர் தமிழுக்கும் தமிழருக்கும் வழங்கும் பழம்பெயர். அதனைச் சொல்லும் தொனியைப் பொறுத்து அது வெறும் அடையாளமாகவும் இருக்கும், ஏளனமாகவும் இருக்கும். அடுத்து அவர் பார்வை மாணவரின் தோளில் தொங்கிய நீண்ட பையின் மீது சென்றது. “பையில ஏமுந்தி? எர்ர சந்தனமா?” என்றார், பையில் என்ன இருக்கிறது என்ற பொருளில். எர்ர சந்தனம் என்பது செம்மரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், குறிப்பாகச் சேஷாசலக் காடுகளில் இயல்பாக வளர்வது, கடத்தலால் அழிந்துவருவது. 2015 ஏப்ரல் 7 அன்று அக்காடுகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்த நிகழ்வை எல்லைக்கு இரு புறத்தாரும் மறக்கவில்லை. திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்காக அழைத்துவரப்பட்ட ஏழைகள் பலர் அவர்களுள் இருந்தனர். காட்டோரத்தில் தமிழ் பேசும் இளைஞர், தோளில் நீண்ட பை என்னும் இரண்டும் சேர்ந்தால் இங்குள்ள ஒருவருக்கு என்ன தோன்றும் என்பதை அந்த ஒரு கேள்வி உணர்த்திவிட்டது. மாணவருக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர் முகம் வெளிறியது.

அப்போது ஆசிரியை இரண்டடி முன்னால் வந்து, மாணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “மாவாடே அண்ணா” என்றார். மாவாடே என்பதற்கு ‘எங்கள் ஆள்’, ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று பொருள். குடியாத்தம் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குவதால் அவருக்கு அம்மொழி எளிதாக வந்தது. பிறகு பையைத் திறந்து, கேமராவின் திரையில் பாறைமேல் நின்ற சின்னானை அவரே முதியவருக்குக் காட்டினார். தாம் எடுக்க மறுத்த படத்தை, எடுத்தவருக்குப் பாதுகாப்பாக அவர் எடுத்துக்காட்டியது உடனிருந்த எவரும் எதிர்பாராதது. முதியவர் கண்களைச் சுருக்கிப் பார்த்து, “பிகிலிபிட்ட” என்று சொல்லிச் சிரித்தார். இந்தக் குருவிக்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று சித்தூர்ப் பக்கத்துக் கலப்புத் தமிழில் கேட்டார்.

அவரே தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று உணவளித்தார். ஆந்திர உணவென்றால் நாக்கைப் பொசுக்கும் காரம் என்ற எண்ணத்தோடு வந்திருந்த குழுவினர் தட்டில் விழுந்தது ராகி சங்கடி. நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைக் கொட்டி மூடி, பின் நீண்ட மரத்துடுப்பால் கட்டியில்லாமல் கிளறி, நனைத்த கையால் உருட்டி வைப்பது இது. வீட்டுப் பெண்மணி பானையை இரு பாதங்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டு, முழு உடலையும் வளைத்துக் கிளறினார்; ஒவ்வொரு சுற்றுக்கும் துடுப்பு பானையின் அடியைத் தொட்டு மேலெழுந்தது. உருண்டையின் நடுவே கட்டைவிரலால் குழி செய்து நெய் விட்டு, வேர்க்கடலைத் துவையல் வைத்து, புலுசு என்னும் கோழிக் குழம்பை ஊற்றினார்கள். தர்மபுரியைச் சேர்ந்த ஒருவர் இரண்டாம் கவளத்தில், “இது எங்க ஊர்க் களிதான்” என்றார். வட ஆர்க்காட்டிலும் தர்மபுரியிலும் நொய் சேர்த்துக் கிண்டப்படும் களிக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறுபாடு இல்லை. கைவிட்டுப்போன சொத்து என்று எண்ணப்பட்ட நிலத்தில், எவருக்கும் கைவிட்டுப் போகாத ஓர் உணவு இருந்தது. முற்றத்தில் கிளிமூக்கு மாம்பழங்கள் குவிந்து கிடந்தன. சித்தூர்ப் பகுதியின் பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் அந்த வகையை முதியவரின் பேரன் அரிந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மாணவர் ஆசிரியையிடம், “மாவாடேன்னா என்ன டீச்சர்?” என்று கேட்டார். மேடம் என்ற சொல் அதன்பின் வரவில்லை. “நீ எங்க வீட்டுப் பையன்னு சொன்னேன்” என்றார் ஆசிரியை. நீங்கள் என்ற சொல்லும் அத்துடன் நின்றது.

மூன்றாம் நாள் ஒலிபெருக்கி அறையிலேயே கிடந்தது. சின்னான் தானாகவே வந்தது, ஆனால் தொலைவில், எதிர்வெயிலில், எந்த லென்சுக்கும் எட்டாமல் நின்றது. ஆசிரியையின் பழைய பைனாகுலர் ஒன்றே பயன்பட்டது. எழுவரும் அதனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தனர். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் பறவை நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டியிருந்தது, அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் பார்த்ததை விவரிக்க வேண்டியிருந்தது. கேமரா பிரித்தவர்களைப் பைனாகுலர் சேர்த்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்நாட்டின் இயற்கை ஒளிப்பட வரலாற்றில் தனித்து உழைப்பது, கூடி உழைப்பது என்னும் இரு மரபுகளும் உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) தாமே உறுப்புகளைப் பொருத்தி அமைத்துக்கொண்ட கேமராவுடன் பெரும்பாலும் தனித்தே உழைத்தவர். டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) பெங்களூரில் தம்மைத் தேடிவந்த இளையோர் பலருக்குக் கற்றுக்கொடுத்தவர். பாகாலாவுக்கு மேற்கே, மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலிப் பள்ளத்தாக்கில் பறவைகளைக் கவனித்த எஸ். ரங்கசாமியும், அவற்றைப் படமெடுத்த எஸ். ஸ்ரீதரும் இணைந்து 1993இல் அப்பள்ளத்தாக்கின் பறவைகளைப் பற்றி நூல் வெளியிட்டனர். வறண்ட நிலம் மீண்டும் பசுமையானதையும் அந்நூல் பதிவுசெய்கிறது. கண்ணால் பார்ப்பவரும் கேமராவால் பார்ப்பவரும் கூட்டாளியாவதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஒன்றை இப்பகுதியின் ஆறே நினைவூட்டுகிறது. பாகாலாவை அடுத்த குன்றுகளில் தோன்றும் சுவர்ணமுகி, காளத்தியைத் தொட்டுக் கடலில் கலக்கிறது. பெரியபுராணம் இதனைப் பொன்முகலி என்கிறது. பின்னர்க் கண்ணப்பர் எனப் பெயர்பெற்ற திண்ணனார், நாணன், காடன் என்னும் இரு தோழருடன் பன்றியைத் துரத்தி வந்து இவ்வாற்றை அடைகிறார். ஆறு எங்குள்ளது என்று சொல்பவன் நாணன், தீ மூட்டுபவன் காடன். மலைமேல் கண்ட சிவலிங்கத்தை விட்டுத் திண்ணனார் வர மறுத்தபோது அத்தோழர்கள் ஊர் திரும்பிவிடுகின்றனர். கண்ணப்பரின் பக்தியைப் பேசுவோர் அவ்விருவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஆயினும் நீர் இருக்கும் இடத்தைச் சொல்லவும் தீ மூட்டவும் ஆள் இல்லாமல் எந்த வேட்டையும், எந்தப் பயணமும் நடந்ததில்லை. ஜூன் மாதத்தில் அந்த ஆறு பாகாலாப் பக்கத்தில் வெறும் மணல் தடமாகக் கிடந்தது. குழுவினர் அதனை நடந்தே கடந்தனர்.

எழுவருள் ஐவர் அதன்பின் ஜனவரியில், சூலூர்ப்பேட்டையை அடுத்த நேலப்பட்டில் நீர்க்கடம்பு மரங்களின் மேல் கூடுகட்டும் கூழைக்கடாக்களைப் பார்க்கச் சென்றனர். ஆசிரியையின் முக்காலியைச் சுமந்து வந்தவர் அம்மாணவரே. பாறைமேல் கத்திநின்ற சின்னானின் படத்தை அவர் எவருக்கும் அனுப்பவில்லை, எந்தப் போட்டிக்கும் கொடுக்கவில்லை. பாகாலாக் குன்றுகளுக்குச் செல்லும் அன்பர்கள் அடைகாக்கும் மாதங்களில் குரல் பதிவுகளை ஒலிக்கவிடாமல் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரு பைனாகுலரையாவது எடுத்துச்செல்ல வேண்டும்.