பீட்ரூட் பாட்டில் டு வெம்ப்ளி

இங்கிலாந்துன்னதும் உங்களுக்கு லண்டன்தானே ஞாபகம் வரும்? இன்னிக்கு ரூட் வேற பாஸ். மேப்பை விரிங்க!

லிவர்பூல் பக்கத்துல கிர்க்பி. ரிக்கி லாம்பர்ட்டோட ஊர். 15 வயசுல லிவர்பூல் கிளப் 'வேணாம்ப்பா'னு அனுப்பிடுச்சு. அடுத்து கடலோர பிளாக்பூல். அங்கேயும் கழட்டிவிட, பீட்ரூட் ஃபேக்டரியில பாட்டிலுக்கு மூடி திருகற வேலை. நாளுக்கு 20 பவுண்ட்.

அப்புறம் பட்டுக்குப் பேர்போன மேக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராக்டேல். மூணுமே மான்செஸ்டரைச் சுத்தியிருக்கற ஊருங்க. பெரிய கிளப் எல்லாம் பக்கத்துலதான், யாரும் கூப்பிடத்தான் இல்ல! (1844-ல நவீன கூட்டுறவுக்கு வழிகாட்டின கடை திறந்ததும் இதே ராக்டேல்லதான். தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க.)

இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ மூணுல ஊத்திக்கிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில உட்கார்ந்திருந்தப்போதான் நான் இவர் கதையைப் படிச்சேன். எனக்கு மூணுக்கே அழுகை வந்துச்சு.

தெற்கே இறங்குங்க. 2006-ல பிரிஸ்டல் ரோவர்ஸ். 2009-ல மூணாவது டிவிஷன்ல கிடந்த சவுத்தாம்ப்டன். முதல் சீசன்லயே லீக்ல 30 கோல்! 2012-ல டீமே பிரீமியர் லீக் போயிடுச்சு.

2013 ஆகஸ்ட் 14, வெம்ப்ளி. ஸ்காட்லாந்தோட 2-2. 31 வயசுல இங்கிலாந்துக்காக முதல் மேட்ச். உள்ளே வந்து மூணே நிமிஷம், பந்து முதல்முறை பட்டதே தலையில, கோல்! கார்னர் அடிச்ச லெய்ட்டன் பெய்ன்ஸும் கிர்க்பி பையன்தான்.

கிர்க்பியிலிருந்து வெம்ப்ளி காருல நாலு மணி நேரம். இவருக்கு 16 வருஷம்.

2014-ல அதே லிவர்பூல் காசு கொடுத்துக் கூப்பிட்டுச்சு. ஒரே சீசன், லீக்ல 2 கோல்.