ஏழு எண்களில் ஓர் ஊர்

குடித்தொகைப் புவியியல் வகுப்பில் எமக்கொரு பயிற்சி தரப்பட்டது. உலகின் எந்நாட்டிலேனும் உள்ள மிகச் சிறிய குடியிருப்பு ஒன்றைத் தெரிந்து, அதன் குடித்தொகை மாற்றத்தை வரைபடமாக்கி விளக்குதல் வேண்டும். நான் தெரிந்தது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சென்ரேலியா என்னும் ஊரை. சிறிய ஊராயின் வேலையும் சிறிதாயிருக்கும் என்ற நினைப்பே அத்தெரிவுக்குக் காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

குடிசன மதிப்புகளிலிருந்து ஏழு எண்களை எடுத்தேன். 1890 இல் 2,761. 1960 இல் 1,435. 1980 இல் 1,017. 1990 இல் 63. 2000 இல் 21. 2010 இல் 10. 2020 இல் 5. புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்து, அதன்கீழ் ‘தொடர்ச்சியான வீழ்ச்சி’ என்று எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் தாளைச் சிறிது நேரம் பார்த்தார். “கோடு சரி. ஆனால் இது ஒரே கோடுதானா?” என்று மட்டும் கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

அக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

பென்சில்வேனியாவின் உள்ளூராட்சி அலகுகளுள் ‘பரோ’ என்பது ஒன்று. நகரம் என்று சொல்லப் போதாத, ஆயினும் தனக்கெனச் சபையும் முதல்வரும் உடைய சிற்றூர் அது. நம் நாட்டில் முன்னர் இருந்த பட்டின சபைகளை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். சென்ரேலியா 1866 இல் பரோவாயிற்று. அதன் பரப்பு கால் சதுர மைலுக்கும் சற்றுக் குறைவானது. அப்பலாச்சியன் மலைத்தொகுதியின் மடிப்புகளுக்கிடையே, கொலம்பியா கவுண்டியின் தென்பகுதியில் அது அமைந்துள்ளது. புவியோடு மடிந்தபோது ஏற்பட்ட அழுத்தமும் வெப்பமும் இப்பகுதியின் நிலக்கரியை அந்திரசைற்று என்னும் கடினக் கரியாக்கின. புகை குறைந்து வெப்பம் மிகுந்து எரிவது அது. அக்கரிப் படைகள் கிடையாகக் கிடப்பதில்லை. நிலமேற்பரப்பில் தலைகாட்டிச் சரிந்து ஆழத்துட் செல்பவை. இந்தச் சரிவை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க. ஊரை ஆக்கியதும் அழித்ததும் அதுவே.

அயர்லாந்திலிருந்தும் பின்னர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தோர் கரியை நம்பிக் குடியேறினர். எண்ணெயும் இயற்கை வாயுவும் அடுப்புகளைப் பிடித்துக்கொண்டபோது கடினக் கரியின் சந்தை சுருங்கியது, சுரங்கங்கள் மூடப்பட்டன, இளைஞர் வேலை தேடிச் சென்றனர். 1890 இன் 2,761 பேர் 1960 இல் 1,435 ஆனது இவ்வாறுதான். எந்த வீட்டையும் எவரும் இடிக்கவில்லை. என் கோட்டின் முதற்பகுதியை வரைந்தது சந்தை.

1962 மே மாதத்தில், போரில் இறந்தோரை நினைவுகூரும் விடுமுறைக்கு முன்னதாக, ஊர்க் குப்பைமேடு துப்புரவாக்கப்பட்டது. அது கைவிடப்பட்ட திறந்த சுரங்கக் குழி ஒன்றில் இருந்தது. குப்பைக்கு வைத்த நெருப்பு, அடைக்கப்படாத துவாரமொன்றின் வழியே பழைய சுரங்கத்துட் புகுந்தது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். சரிந்த கரிப்படை நெருப்புக்குப் பாதையாயிற்று. கைவிடப்பட்ட சுரங்க வழிகள் அதற்கு ஒட்சிசனைக் கொடுத்தன. தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கும் வேலை நடந்தது. பணம் போதாமற் கைவிடப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது நெருப்பு முன்னே சென்றுவிட்டது. பின்னர் வந்த முயற்சிகளும் இவ்வாறே நெருப்பின் பின்னால் ஓடின.

அந்நாளில் ஊரார் நம்பிக்கையிழந்திருக்கவில்லை. 1966 இல் பரோவின் நூற்றாண்டை விழாவாகக் கொண்டாடி, ஐம்பது ஆண்டுகளின் பின் திறப்பதற்கென நினைவுப் பேழை ஒன்றைப் புதைத்தனர். 2014 இல் அது திறக்கப்பட்டபோது நீர் புகுந்து பெரும்பாலானவை பழுதாகியிருந்தன.

1981 இல், பாட்டியின் வீட்டு முற்றத்தில் நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் காலடியில் நிலம் திடீரெனப் பிளந்தது. வேரொன்றைப் பற்றித் தொங்கிய அவனை உறவுச் சிறுவன் ஒருவன் இழுத்தெடுத்தான். வீடுகளின் நிலவறைகளிற் காபனோரொட்சைட்டு வாயு புகுவது அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆயினும் எல்லா வீட்டிலும் அபாயம் ஒரே அளவாயிருக்கவில்லை. நெருப்புக்கு அண்மையில் இருந்தோர் புறப்பட விரும்பினர். தொலைவில் இருந்தோர் பயப்படக் காரணம் காணவில்லை. அயலவர் பகைவராயினர். 1983 இல் நடந்த வாக்கெடுப்பில் 345 பேர் இடம்பெயரச் சம்மதித்தனர். 200 பேர் மறுத்தனர். அமெரிக்கக் காங்கிரசு 4 கோடி 20 இலட்சம் டொலருக்கு மேல் ஒதுக்கியது. அரசு வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தது. பத்தாண்டில் 1,017 பேர் 63 பேராயினர். கோட்டின் இரண்டாம் பகுதியை வரைந்தது அரசு.

எஞ்சியோரின் வீடுகளையும் 1992 இல் மாநில அரசு கட்டாயச் சுவீகரிப்புக்கு உட்படுத்தியது. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். நெருப்பு ஒரு சாட்டு, ஊரின் கீழுள்ள கரியே இலக்கு என்று அவர்களிற் சிலர் நம்பினர். 2002 இல் ஊரின் அஞ்சற் குறியீடு நீக்கப்பட்டது. 2013 இல் ஏற்பட்ட இணக்கப்படி, எஞ்சியோர் தம் வாழ்நாள் முடியும்வரை தங்கலாம். அதன்பின் வீடுகள் அரசுக்குரியன. 21, 10, 5 என்ற இறுதி எண்களிற் பெரும்பங்கு முதுமையும் மரணமும் வரைந்தவை.

விடுமுறையில் வீடு சென்றபோது இக்கதையை அம்மம்மாவிடம் சொன்னேன். இடப்பெயர்வுகள் பல கண்டவர் அவர். நெருப்பைப் பற்றியோ டொலரைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. “ஐஞ்சு பேரோ? அப்ப ஒரு நல்லது கெட்டதுக்கு ஆரைக் கூப்பிடுகினம், பிள்ளை?” என்றார்.

என் பாடநூல்கள் எதிலும் அக்கேள்வி இருக்கவில்லை. ஆயினும் அதற்கும் சென்ரேலியாவில் விடையொன்று உண்டு. மலைச்சரிவில், 1911 இல் எழுந்த உக்ரேனியக் கத்தோலிக்கத் தேவாலயம் இன்றும் நிற்கின்றது. அதன் கீழே கரியில்லை, உறுதியான பாறையே உள்ளது என்று ஆய்விற் கண்டமையால் அது இடிக்கப்படவில்லை. வேறூர்களிற் குடியேறியோரும் வழிபாட்டுக்கு அங்கு வருகின்றனர். கல்லறைத் தோட்டங்களும் பேணப்படுகின்றன; புறப்பட்டுப் போனவர்கள் சிலர் அடக்கத்துக்காகத் திரும்பி வந்துள்ளனர். குடிசன மதிப்பு எண்ணுவது ஓரிடத்தில் வசிப்போரையே. அவ்விடத்துக்கு உரியவர்களை எண்ண அதில் நிரலில்லை.

வரைபடத்தை மீண்டும் வரைந்தேன். சந்தைக்கு ஒரு நிறம், அரசுக்கு ஒரு நிறம், மரணத்துக்கு ஒரு நிறம். ‘வீழ்ச்சி’ என்ற சொல்லை வெட்டிவிட்டேன். விழுவது தானாக நிகழ்வது. 1962 இல் பணம் போதாதென்று அகழ்வை நிறுத்தியதும், இருபது ஆண்டுகளின் பின் பல மடங்கு பணம் கொடுத்து ஊரைக் கலைத்ததும் தானாக நிகழ்ந்தவையல்ல. மனிதர் எடுத்த முடிவுகள். அவற்றை வீழ்ச்சி என்று எழுதும் மாணவன், தன்னையறியாமல் அம்முடிவுகளை எடுத்தோரை விடுவித்துவிடுகின்றான்.

தாளின் அடியில் அம்மம்மாவின் கேள்வியையும் எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதன்கீழ்ச் சிவப்புக் கோடிட்டிருந்தார். பிழை என்றா, சரி என்றா என்று நான் இன்னும் கேட்கவில்லை.