எழுபது வளைவு… ஒரே கேள்வி!

கொல்லிமலைக்கு எதற்குப் போவார்கள்? அருவியில் குளிக்கப் போவார்கள். அறப்பளீஸ்வரரைக் கும்பிடப் போவார்கள். மிளகும் அன்னாசிப் பழமும் வாங்கப் போவார்கள். சித்தர்களைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. நான் போனது ஒரு பஞ்சாயத்துக்கு!

வாதி நான். பிரதிவாதி, நான் கட்டிக்கொள்ளப் போகும் பெண். நாட்டாமை? யாரும் கிடையாது. அதுதான் பிரச்னையே.

விஷயம் இதுதான். நான் சென்னை கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். அவள் கொல்லிமலையில், பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் டீச்சர். காலேஜில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். காதலித்தது ஏழு வருஷம். அதில் கடைசி நாலு வருஷம் செல்போனில். நடுவே சுமார் 400 கிலோமீட்டர். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. "உங்களை எனக்கு ரொம்பப் பி…" என்பது வரை கேட்கும். அது பிடிக்குமா, பிடிக்காதா என்று தெரிவதற்குள் லைன் கட்!

தை மாதம் கல்யாணம் என்று ஒருவழியாக இரண்டு வீட்டிலும் தலையாட்டியாகிவிட்டது. ஆனால், கல்யாணத்துக்கு அப்புறம் குடித்தனம் எங்கே? அம்மாவைப் பொறுத்தவரை அது ஒரு கேள்வியே இல்லை. "கட்டிக்கிட்டு வர்றவ இங்கதானேடா வரணும்?"

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை. கடைசியில் அவளே சொன்னாள்: "போன்ல வேணாம்ங்க. மேல வாங்க. நடந்துக்கிட்டே பேசிடலாம்."

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். சட்டைப் பையில் பத்திரமாக மடித்த ஒரு தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு, ஆபீஸ் பிரிண்டரிலேயே (மேனேஜர் இதைப் படிக்க வேண்டாம்!) எடுத்தது. அவள் சென்னைக்கு வந்தால் வரவு என்ன, செலவு என்ன, கையில் மிஞ்சுவது என்ன… பைசா சுத்தமாகக் கணக்கு. கணக்குக்காரனுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது?

விடிகாலையில் நாமக்கல். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். ஒரே பாறையில் கோட்டை, மேலே கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர், திரும்பிய பக்கமெல்லாம் லாரி, முட்டை. ஒரு டீ குடித்துவிட்டுக் கொல்லிமலை பஸ்ஸில் ஏறினேன்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வரை சமத்தாகப் போன பஸ், காரவள்ளியைத் தாண்டியதும் குணத்தைக் காட்டியது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். பத்தாவது வளைவு வரை 'ஆஹா' என்றேன். இருபதில் 'ஐயோ'. முப்பதில் வாயையே திறக்கவில்லை. திறந்தால் ஆபத்து. பக்கத்து சீட் பெரியவர் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "மோந்துக்கிட்டே வாங்க தம்பி. மொதல் தடவையா?"

"ஐந்தாவது தடவைங்க."

"அப்ப பழகலையா?"

வருகிறவனுக்குப் பழக்கமில்லை, அங்கேயே இருக்கிறவளுக்குப் பழகிவிட்டது. இதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்!

மேலே போனதும் காற்றே வேறு. மூவாயிரம், நாலாயிரம் அடி உயரம். சில்வர் ஓக் மரங்களைக் கட்டிப் பிடித்து ஏறும் மிளகுக் கொடி, நடுநடுவே காபிச் செடி, பலா, மலைவாழை. சரிவுகளில் மரவள்ளி. ஒரு காலத்தில் அங்கெல்லாம் சாமையும் தினையும் அதிகம் விளைந்ததாம். இங்கே பூர்வகுடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். உடனே கேரளாவை நினைக்காதீர்கள். பேசுவது தமிழ். மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளி. காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர், சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறிவிட்டார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்கு ராஜா. ஆடியில் அவனுக்கு அரசு விழாவே எடுக்கிறார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூறு சொல்கிறது. நானும் ஒரே தாளில் அவளை வீழ்த்திவிடலாம் என்றுதானே வந்திருந்தேன்! அந்தச் சிலைக்குக் கீழே, கையில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள் பிரதிவாதி.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டோம். பக்கத்தில் ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போட்டோம். அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். வழியில் முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். ஆட்டுக்கால் சூப் என்று நினைத்து மனசாட்சி உறுத்தினால் கவலை வேண்டாம், அது பாறையில் முளைக்கும் கிழங்கு. முட்டிக்கு நல்லதாம். படிகளைப் பார்த்ததும் இரண்டு கப் குடித்தேன்.

பாதி வழியில் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து, தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். விடைத்தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழ்வரை படித்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. இதுல உங்க பேர் எங்கங்க?"

"என்னது?"

"நான் வேலையை விட்டா எவ்வளவு போகும், சென்னையில எனக்குத் தனியார் ஸ்கூல்ல எவ்வளவு கிடைக்கும்… எல்லாம் இருக்கு. நீங்க வந்தா என்ன ஆகும்னு ஒரு வரிகூட இல்லையே?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஏழு வருஷமாக 'நான் புதுமையானவன்' என்று பீற்றிக்கொண்டிருந்தேன். வரதட்சணை வேண்டாம் என்றவன். ஜாதகம் பார்க்க வேண்டாம் என்றவன். ஆனால், என் தாளில் இடம் மாற வேண்டிய ஆள் ஒருத்திதான்!

சமாளித்தேன். "நீ மாற்றல் கேட்டா?"

"எங்க துறைப் பள்ளிக்கூடமெல்லாம் பெரும்பாலும் மலையிலதாங்க. மாற்றல் கேட்டா ஏற்காடு, கல்வராயன் மலை, ஜவ்வாது மலைன்னு கிடைக்கும். எது உங்க கிண்டிக்குப் பக்கம்?"

அப்புறம்தான் அவளுடைய பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அப்பா, அம்மா வேலை தேடி வெளியூர் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஹாஸ்டலில். திங்கட்கிழமை ஒரு பிள்ளை வரவில்லையென்றால், சாயந்திரம் அவள் அந்தக் கிராமத்துக்கே நடந்து போய் விசாரித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். "நான் போயிட்டா வேற டீச்சர் வருவாங்க. ஆனா எப்ப வருவாங்க, எத்தனை நாள் இருப்பாங்கன்னு தெரியாது. நீங்க போனா உங்க சீட்ல?"

யோசித்துப் பார்த்தேன். என் சீட்டில் ஒரு வாரத்துக்குள் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். என் காபி கப்பைக்கூட அவன் எடுத்துக்கொள்வான்.

விடவில்லை அவள். அவளுடைய சித்தப்பா சேலத்தில் வக்கீல். அவரிடம் கேட்டு ஒரு வழக்கையே கையில் வைத்திருந்தாள். பஞ்சாபில் சுனாம் என்கிற ஊரில் ஸ்வராஜ் கார்க் என்று ஒரு டீச்சர். 1956-லிருந்து வேலை. 1964-ல் கல்யாணம். கணவர் டெல்லியில். 'வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்து வாழ வேண்டும்' என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். புருஷன் இருக்கிற இடம்தான் வீடு என்று அதற்கு முன்பு சில கோர்ட்டுகள் சொல்லியிருந்தன. ஆனால், 1978-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. நல்ல வேலையில் இருக்கும் மனைவி அதை விட்டுவிட்டுக் கணவன் ஊருக்கு வந்தே தீர வேண்டும் என்று இந்துச் சட்டத்தில் விதி இல்லை, வீடு எங்கே என்பதை இரண்டு பேரும் சமமாகப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், கடைசி ஓட்டு யாருக்கும் தனியாகக் கிடையாது என்று தீர்ப்பு.

"அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்க முடியாமத்தான் கோர்ட்டுக்குப் போனாங்க. நமக்கு இன்னும் ஐந்நூறு படி இருக்கு" என்றாள்.

கீழே போய்ச் சேர்ந்தோம். சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது ஆகாய கங்கை. தலையைக் கொடுத்தால், நாலு வருஷ போன் சண்டையும் கழன்று ஓடுகிற மாதிரி ஒரு அடி. அந்த இரைச்சலில் பேச முடியாது. அதுவே பெரிய நிம்மதி!

ஏறும்போதுதான் தெரிந்தது, பேச்சை எதற்காகப் படியில் வைத்தாள் என்று. இருபது படிக்கு ஒரு தடவை மூச்சு வாங்க உட்காருவோம். உட்காரும்போதெல்லாம் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுவோம். தலைப்பு: 'நான் வந்தால்.' நாமக்கல்லில் லாரி ஆபீஸும் கோழிப்பண்ணையும் நிறைய. கணக்குப் பார்க்க ஆள் வேண்டாமா? சம்பளம் குறையும். வாடகையும் குறையும். அம்மாவும் அப்பாவும் சென்னையில் தனியாக இருப்பார்கள். இந்த வரியை எழுதும்போது இரண்டு பேருமே பேசவில்லை. அது பணத்தில் அடங்காத செலவு.

அப்போது அவளே சொன்னாள்: "நீங்க மட்டும் விட்டுக் கொடுக்க வேணாம். மலையிலயே வீடு பார்த்தா உங்களுக்குக் கஷ்டம். அடிவாரத்துல பார்ப்போம். நான் தினமும் எழுபது வளைவு ஏறி இறங்குறேன். நீங்க நாமக்கல் போய்ட்டு வாங்க. மாசம் ஒரு தடவை ரெண்டு பேரும் சென்னைக்குப் போயிடலாம். ரெண்டு வருஷம் கழிச்சு இதே தாளை மறுபடி எழுதுவோம். அப்ப நான் மாறணும்னு வந்தா, மாறறேன்."

படி முடிந்துவிட்டது. பேச்சும் முடிந்துவிட்டது. முட்டி மட்டும் முடியவில்லை. மூன்றாவது கப் சூப்!

திரும்பும் வழியில் எட்டுக்கை அம்மன் கோயில். சங்கப் பாட்டில் வரும் கொல்லிப்பாவை இவள்தான் என்கிறார்கள். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும் அந்தப் பாவை தன் அழகு குலையாது, அதைப்போல என் காதலியும் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள் என்று நற்றிணையில் ஒருவன் சொல்கிறான். அவனுக்கு அவள் நெஞ்சில் இருந்தால் போதும். நான்தான் மலையை விட்டு வா என்று கேட்டுக்கொண்டு வந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னேன். எதிர்பார்த்த இடி விழுந்தது. "பொண்டாட்டி ஊருக்குப் போறியா? நாலு பேர் என்னடா சொல்லுவாங்க?"

பதில் சொல்லாமல் தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் படித்தாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"எனக்குக் கும்பகோணத்துல டெலிபோன் ஆபீஸ்ல வேலை இருந்துச்சு, தெரியுமா? உங்கப்பாவுக்கு மெட்ராஸ்ல வேலை. கல்யாணம் நிச்சயமான மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டேன். என்ன செய்யப் போறேன்னு யாரும் என்னைக் கேக்கலை. நானும் கேக்கலை."

முப்பது வருஷத்தில் இதை நான் கேட்டதில்லை. உள்ளே அப்பா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

அம்மா தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தாள். "அந்தப் பொண்ணு கேட்டிருக்கா, பரவாயில்லை" என்றவள், சமையலறைக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டா, அங்க மிளகு கிலோ என்ன விலை?"